மூன்றாம் இரவுக்கு ஒரு விலாசம்

கலியாணம் பலெர்மோவில்,
அண்ணன் மகளுக்கு, செப்டம்பரில்.
மிலானுக்குத்தான் ரிக்கெற் மலிவு.
மிச்சம் ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றரை
ஓடித் தீர்க்கலாம் என்கிறார் றெஜினோல்ட்,
பதினேழு வருசம்
திருமலையிலிருந்து பேலியகொடைக்கு
மீன் லொறி ஓட்டிய துணிவில்.

முற்றவெளிக்குப் பின்தெரு, இரவு பத்தேகால்.
மேசையில் போன், கொப்பி, வெட்டின மாங்காய்,
உப்புத்தூள்.
ஆளுக்கொரு இத்தாலி விரிக்கிறோம்.

அவருடைய இத்தாலியில்
வாகனம் திருப்பப் பரந்த நிலம் வேணும்,
விடிய நாலு மணிக்குத் தேத்தண்ணி வேணும்,
ரயர்க்கடை இருந்தால்தான் அது ஊர்.
ஓர்வியெத்தோவைக் காட்டினேன்:
பாறைக்கு மேல் ஊர், ஊருக்கு மேல் கோயில்.
"ஏத்தம்," என்றார். "பிறேக் சூடாகும்."
சியன்னாவைக் காட்டினேன்.
"உள்ளுக்கு வாகனம் விடமாட்டான்.
பெட்டியை ஆர் தூக்கிறது?"

நான் கடலோர அறைகளாய்ப் பார்த்துத் தள்ளுகிறேன்.
கடல் தெரிகிற யன்னலுக்கு
முப்பது யூரோ கூட.
காசு குடுத்துக் கடல் பார்க்க
நாங்கள் என்ன கண்டியிலா பிறந்தோம்.

முதல் இரவு பார்மா.
"பர்மாவோ?"
இல்லை, பார்மா. நெடுஞ்சாலையிலிருந்து ஆறு நிமிடம்,
தரிப்பிடம் இலவசம்.
சண்டையில்லாமல் முடிந்தது.
இரண்டாவது, அந்த ஏத்தத்து ஊர்:
பெட்டி நான்தான் தூக்குவேன் என்ற நிபந்தனையில்
வென்றேன்.
நாலாவது வில்லா சான் ஜொவான்னி,
விடியக் கடல் கடந்து மெசினா இறங்க.
அங்கே இன்னும் பாலமில்லை,
பாதைதான் ஓடுதாம், காரையும் ஏற்றிக்கொண்டு.

அதைக் கேட்டதும் அவர் முகத்தில்
பழைய கிண்ணியா ஒன்று வந்து நின்றது.
பாதைக்குக் காத்துக் கிடக்கிற லொறி வரிசை,
கச்சான் சரையோடு ஓடிவருகிற பொடியள்,
உருகி ஒழுகுகிற ஐஸ்.
"நான் காருக்குள்ள இருக்கமாட்டன்," என்றார்.
"கம்பியைப் பிடிச்சுக்கொண்டு வெளியில நிப்பன்."

மூன்றாம் இரவுதான் காலி.

"விடுவம். நித்திரை வந்தா நிப்பாட்டுவம்.
கந்தளாய், ஹபறணை எண்டு
புக் பண்ணியோ நான் லொறி கொண்டுபோனனான்?"
எனக்கும் ஆசைதான்,
ஒரு வளைவில் வெளிச்சம் பிடித்துப்போய்
இறங்கிவிடுகிற ஊர் ஒன்றுக்கு.
ஆனால் விசா அலுவல் பார்க்கிற நிரோஷாந்தி
இரண்டு தரம் சொல்லிவிட்டாள்:
ஓர் இரவும் வெறுமையாய் இருக்கப்படாது அக்கா.
எந்தத் தெரு, எத்தனையாம் இலக்கம், எல்லாம் வேணும்.
நினைத்த இடத்தில் நித்திரை கொள்ள
வேறு நிறத்தில் பாஸ்போட் வேணும்.

தொண்ணூறு ஆனியில்
நிலாவெளிக்கு அங்கால் காட்டில்
நாலு இரவு படுத்தோம். எனக்கு எட்டு வயது.
எந்த மரமென்று ஒருவரும் கேட்கவில்லை.

மாங்காய் முடிந்தது.
சாலா கொன்சிலினா என்றொரு ஊரில்
மலைப்பக்கமாய் ஓர் அறை பிடித்தேன்.
வாயில் நுழையாத பெயர்.
கன்சல் செய்தால் காசு திரும்பும் என்று
பச்சை எழுத்து.
விசா கிடைத்த அன்றைக்கே கன்சல்,
பிறகு அவருடைய நித்திரை எங்கே வருகிறதோ அங்கே.
இருவரும் ஒப்பம்.

கொப்பியை மூடவில்லை, போன் அதிர்ந்தது.
அந்த வீட்டுக்காரி, பினா.
போனே அதைத் தமிழாக்கித் தந்தது:
"வணக்கம் திருமதி. எத்தனை மணி வருகை?
நாய் குரைக்கிறாள் ஆனால் அவள் நல்லவள்.
நான் சூப் சூடாக வைப்பேன்."

றெஜினோல்ட் கண்ணாடியைப் போட்டு
ஒருதரம் வாசித்தார். கழற்றித் துடைத்து
இன்னொருதரம்.
"நாசமாப் போக," என்றார்.
"இனி இதை என்னெண்டு கன்சல் பண்ணுறது?"

ஏழு மணி என்று அடித்து அனுப்பினேன்,
நாலு மாதத்துக்கு அப்பால் இருக்கிற
ஓர் ஏழு மணி.

அவர் கேற் பூட்டப் போனவர்
பூட்டாமலே திரும்பி வந்தார்,
திறப்பு கையில் குலுங்காமல் பொத்தியபடி.
"மான் ரெண்டு வாசலுக்குக் குறுக்கால படுத்திருக்கு.
லைற்றை நிப்பாட்டு."