தாழ்தள வீடு

நான் ஓட்டுவது தாழ்தள டிராம்.
வூச் நகரில், பத்தாம் எண் தடம்.
கதவு திறந்தால் நடைமேடையும் தளமும் ஒரே மட்டம்.
தள்ளுவண்டிக் குழந்தைகள் தூக்கம் கலையாமல் ஏறும்.
சக்கர நாற்காலியில் யாராவது வந்தால்
நானே இறங்கிப்போய்ச் சாய்பலகையை விரிப்பேன்.
பின்னால் கார்கள் ஹாரன் அடிக்கும்.
அடிக்கட்டும்.

பதினான்கு வருடம் இதையே செய்தவளுக்கு
வீட்டிலிருந்த சோபா கண்ணில் படவில்லை.

அவள் பெயர் ஷ்ருபா. எங்கள் பேச்சில் திருகாணி.
டாக்ஸ்ஹுண்ட்.
உடல் ஒரு முழம், கால் அரைச் சாண்கூட இல்லை.
வாசல் மணி அடித்தால் போதும்,
சோபாவின் முதுகிலிருந்து பறப்பாள்:
காதுகள் மேலே, வயிறு தரையிலே.
நாங்கள் சிரித்தோம்.
வீடியோ எடுத்தோம்.
மெதுவாக ஓடவிட்டு மறுபடியும் சிரித்தோம்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. தபால்காரர்.
குதித்தாள்.
சத்தம் சின்னதுதான், பென்சில் விழுந்ததுபோல.
கதவுவரை போகவில்லை.
திரும்பி எங்களைப் பார்த்தாள்,
யார் செய்தது இதை என்று கேட்பவள்போல.

டாக்டர் யகோட்ஸ்கா திரையைத் திருப்பிக் காட்டினார்.
இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே
ஏதோ பிதுங்கியிருந்தது,
அழுத்திய ரொட்டியிலிருந்து ஜாம் வருவதுபோல.
எவ்வளவு உயரத்திலிருந்து, என்றார்.
முழங்கால் உயரம்தான், என்றேன்.
உங்கள் முழங்கால், என்றார்.

ஆறு வாரம் கூண்டு.
மாத்திரையைக் கல்லீரல் விழுதில் புதைத்துக் கொடுத்தோம்;
விழுதைத் தின்றுவிட்டு
மாத்திரையைக் கழுவி வைத்ததுபோல் மீதி வைத்தாள்.
வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப்பிடித்து
முற்றத்துப் பனியில் நடத்தினோம்.
பின்னங்கால்கள் இரண்டும்
யாரோ எழுதிய பாதி எழுத்துகளை இழுத்துக்கொண்டு போயின.
என் கணவன் ஜெமோவித்
இரவில் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தான்.
கேட்டால், கட்டிலில் முதுகு வலிக்கிறதாம்.

வசந்தம் வந்தது. கால்களும் வந்தன, கொஞ்சம் கோணலாக.
ஜெமோவித் ஒரு சாய்பலகை செய்தான்.
வழுக்காமலிருக்கக் கம்பளம் ஒட்டினான்.
ஷ்ருபா அதை மோந்தாள்.
சுற்றி வந்தாள்.
அதன் அடியில் பந்தை ஒளித்துவைத்தாள்.
தொத்திறைச்சி ஒவ்வொரு துண்டாய் வைத்து
ஏறப் பழக்கினோம். ஏறினாள், ராணிபோல.
இறங்குவதற்கு?
அதற்குத்தான் குதிப்பது இருக்கிறதே
என்று விளிம்பில் போய் நின்றாள்.
நான் சமையலறையிலிருந்து பாய்ந்து வந்து
காற்றிலேயே பிடித்தேன்.
என் முழங்கை வீங்கி ஒரு வாரம் பிரேக் பிடிப்பது சிரமமாயிருந்தது.

அந்தச் சனிக்கிழமை ரம்பத்தை எடுத்தேன்.
சோபாவுக்கு நான்கு கால்.
கட்டிலுக்கு நான்கு.
ஜெமோவித் வாசற்படியில் நின்று பார்த்தான்,
ஒன்றும் சொல்லவில்லை,
ஐந்தாவது காலுக்கு வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.
மிச்சமிருந்த உயரத்துக்குப்
பழைய மெத்தையொன்றைக் கீழே விரித்தோம்.

டிப்போவிலிருந்து லெஷெக் காபி குடிக்க வந்தான்.
இரண்டு மீட்டர் மனிதன்.
உட்கார்ந்தான், உட்கார்ந்துகொண்டே இருந்தான்,
முழங்கால்கள் காதைத் தொடும்வரை.
எழ முடியவில்லை. கை கொடுத்தேன்.
என்ன வீடம்மா இது, என்றான்.
தாழ்தளம், என்றேன்.

வெட்டிய எட்டுக் கால்களும் பால்கனியில் கிடக்கின்றன.
ஏழு என்று சொல்லவேண்டும்.
ஒன்றை அவள் கடித்துத் தீர்த்துவிட்டாள்.

இப்போது மணி அடிக்கிறது.
சோபாவில் பின்னங்கால்களைக் கூட்டிக்கொள்கிறாள்,
தோள்களைத் தாழ்த்துகிறாள்,
பாயவேண்டிய இடத்தில்
தரை முன்னமே வந்து நிற்கிறது.

என்னைத் திரும்பிப் பார்க்கிறாள்.
மன்னிக்கவில்லை.
குரைத்துக்கொண்டே
நடந்து போகிறாள் கதவுக்கு.