நூற்று நான்கு மைல்

"நீங்களே வந்து எடுத்துக்கொள்கிறீர்களா,
நாங்கள் அனுப்பி வைக்கவா?"
இன்வர்னஸ் ஷோரூமில் ஆலிஸ்டர் இதைக்
காப்பிக்குச் சர்க்கரை போடவா என்பதுபோலக் கேட்பான்.
அனுப்பு என்று யார் சொன்னாலும்
என் போன் அடிக்கும்.

நான் செங்கா மன்றோ.
அடுத்தவர் வாங்கிய கார்களின்
முதல் நூறு மைலை ஓட்டுவது என் பிழைப்பு.
வெள்ளைத் தகட்டில் சிவப்பு எழுத்து.
மாட்டினால் எந்த வண்டியும் அன்றைக்கு என்னுடையது.
கழற்றினால்
சாலையோரம் கட்டைவிரல் நீட்டி நிற்கும் ஒருத்தி.
பதினோரு வருடமாக இப்படி.
நானே வருகிறேன் என்பவர்களால்
என் அடுப்பு எரியாது.
ஆனாலும் அவர்கள் வரும் அழகை
ஜன்னல் வழியே பார்ப்பேன்,
ஷூவுக்குப் பாலிஷ் போட்டிருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை
லாக்கின்வருக்கு ஒரு நீல வண்டி.
மீட்டரில் ஒன்பது மைல்,
கப்பலிலும் துறைமுகத்திலும் யார் யாரோ உருட்டியது.
இருக்கையில் பிளாஸ்டிக் உறை;
அசைந்தால் மிட்டாய் பிரிக்கும் சத்தம்.
கார்வ் தாண்டியதும் மழை.
அந்த வைப்பருக்கு அதுதான் முதல் மழை,
கிறீச்சிட்டுக் கிறீச்சிட்டுக்
கற்றுக்கொண்டது.
அல்லபூலில் கடல் கொஞ்சநேரம் இடப்பக்கம் கூடவே வந்தது.
லெட்மோர் திருப்பம் தாண்டி
நடுரோட்டில் ஒரு மான்.
அழுத்தினேன்.
பிரேக் என்று சொல்லத்தக்க முதல் பிரேக்.
மான் போன பிறகும்
நானும் வண்டியும் நின்றுகொண்டிருந்தோம்.

மர்டோ கெர்,
மீன்துறையில் ஐஸ் அள்ளுகிறவர்,
பெயின்ட்டைப் பார்க்கவில்லை, குனிந்து மீட்டரைப் பார்த்தார்.
"நூற்று நான்கா?
ஒன்பது என்றல்லவா எழுதியிருந்தது?"
"ரோட்டு வழியாகத்தானே வர முடியும்."
"அதுவும் சரி," என்றார்.
ஒரே ஒரு பஸ், ஒருநாள் கூலி, ராத்தங்கல்,
கூட்டிக் கழித்துத்தான் அனுப்பச் சொன்னாராம்.
"மழை பெய்ததா?"
"பெய்தது."
"வைப்பர்?"
"முதலில் கிறீச்சிட்டது."
"வேறே?"
மானைச் சொல்லவேண்டாம் என்றுதான் இருந்தேன்.
சொல்லிவிட்டேன்.
தன் பெயருக்கு வந்த கடிதத்தை
யாரோ பிரித்துப் படித்துவிட்டு
நல்ல செய்திதான் என்று நீட்டினால்
ஒரு முகம் ஆகுமே,
அப்படி ஆனது.

கையெழுத்து வாங்கித் தகட்டைப் பைக்குள் வைத்தேன்.
பஸ் நிறுத்தத்தில் விடுகிறேன் என்றார்.
பஸ் போயிருந்தது.
அப்படியானால் லெட்மோர் வரை,
அங்கே லாரிகள் வரும்.

திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் வேகம் குறைத்து
"இங்கேயா?" என்றார்.
என்னை இறக்கிவிடத்தான் என்று
பையை எடுத்தேன்.
அவர் கேட்டது மானை.
இன்னும் இருபது அடி, என்றேன்.
மான் ஏது.
என் டயர் தேய்த்த கறுப்புக் கோடு மட்டும்
ஈரத்தில் கிடந்தது.
இறங்கிப்போய்
தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு
அதைப் பார்த்துவிட்டு வந்தார்.

அதன்பின் இறங்கு என்று சொல்லவேயில்லை.
அல்லபூலில் பெட்ரோல் போட்டார்.
மீன்வெட்டும் கத்தியால் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தெடுத்தார்.
இரண்டு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல்,
வினிகர் வாடை
புதுவண்டி வாடையை
கார்வ் வருவதற்குள் தின்று தீர்த்தது.
பேசவில்லை. எதிரே வந்த ஒவ்வொருவருக்கும்
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் தூக்கினார்.
தெரியாதவர்கள்.

இன்வர்னஸில் ஆலிஸ்டர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தான்.
நீல வண்டியைக் கண்டதும்
முகம் மாவாக வெளுத்தது.
"என்ன கோளாறு, மிஸ்டர் கெர்?"
"கோளாறா? இல்லையே.
வண்டி எடுக்க வந்திருக்கிறேன்."

நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன்,
கொஞ்சம் பலமாகவே.
தனியாகக் கிளம்பினார்.
திரும்புவதற்கு விளக்குப் போடப்போய்,
பழைய வண்டிப் பழக்கம்,
வைப்பரைப் போட்டுவிட்டார்.
சொட்டு மழை இல்லை.
நிறுத்தாமல்
கிறீச்சிட்டபடியே போனார்.