ஷேடு பார்ப்பவள்

உள்ளே வந்த ஐந்தாம் நிமிடம்
ஆசிட் நெடியை மூக்கு மறந்துவிட்டது.
கண்ணுக்கு அந்தச் சலுகை கிடையாது,
அதற்குத்தான் சம்பளம்.

லைட் பாக்ஸுக்குள் ரெண்டு சிவப்புத் துண்டு.
பகல் விளக்கில் ஒட்டிப் பிறந்தவை.
கடை விளக்குக்கு மாற்றினால்
ஒன்று மட்டும் லேசாகப் பழுப்புக்குச் சாய்கிறது.

"ஒண்ணாட்டத்தானுங்க இருக்குது, துளசிமணி"
என்கிறார் பொங்கியண்ணன்.
மெஷினும் பாஸ் போட்டுவிட்டது.
மங்கலம் ரோட்டில் லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது.

மறுபடி பார்க்கிறேன்.
பார்த்துக்கொண்டே இருந்ததில்
சிவப்பு களைத்துப்போனது, அல்லது நான்.
தலையைத் தூக்கினால்
வெள்ளைச் சுவரில் பச்சையாய் ஒரு சதுரம்,
யாரும் சாயம் போடாதது.

கண்ணை மூடினேன். அங்கேயும் இருந்தது.
கரையும் வரை எண்ணினேன்: பதினேழு.

"சேராதுங்க" என்றேன்.
நான் பார்த்த சுவரை
அவரும் பார்த்தார்.
வெள்ளை.