இறக்கம்

கொழும்பு ஸ்டூடியோவில் நான் செய்தது மூன்றரை நிமிசம்:
ஒரு மினிபஸ், ஒரு கொண்டக்டர்,
"உள்ளுக்கை போங்கோ, உள்ளுக்கை போங்கோ,
ரெண்டு பரப்புக் காணி சும்மா கிடக்கு!"
நடுவர் மேசையில் தலைவைத்துச் சிரித்தார்.

அந்தக் கிழமையே மருதனார்மடத்தில் பிளெக்ஸ் கட்டினார்கள்.
அதிலே என் பல்
என் பல்லைவிட வெள்ளை.

பெரியப்பாவின் பிரேதம் எடுக்க முந்தி ஒருவர்
காதுக்குள் கேட்டார்:
"தம்பி, அந்தக் காணிப் பகிடி, ஒருக்கா..."
செய்தேன்.
அதுதான் வெட்கம்.

இண்டைக்கு அதே பஸ். அதே தில்லையம்பலம் அண்ணை.
சேட்டுப் பொக்கற்றில் அதே சிவப்புப் பேனை.
வாய் திறக்கவில்லை.
தகரத்தில் இரண்டு தட்டு, போ.
ஒரு தட்டு, நில்.

"கத்தினால் சனம் சிரிக்குதாம்,
விட்டிட்டார்" என்றாள்
பக்கத்துச் சீற்றில் கீரைக்கட்டோடு இருந்தவள்,
என்னை ஆரெண்டு தெரியாமல்.

மிச்சம் பத்து ரூபாயை
என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார்.

சுன்னாகம்.
"இறக்கம்!" என்றேன்.
வந்தது அவருடைய குரல்.

பஸ் முழுக்கச் சிரித்தது.
டிரைவர் பழக்கத்தில் பிரேக்கை மிதித்தார்.
அண்ணை மிதிபலகையில் ஒதுங்கி
எனக்கு வழி விட்டார்.