அல்வினா, இரண்டு முறை

ஜனவரியில் எங்களுக்கு வேலை இல்லை.
மண் இரும்பாகக் கிடக்கும்.
டிராக்டருக்குத் தார்ப்பாய் போர்த்திவிட்டு
லாயிட் டி.வி. முன்னால் தூங்க,
நான் நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு
கவுண்டி கோர்ட்டின் நிலவறைக்குப் போகிறேன்.
கிளார்க் க்ளெண்டா தும்மிக்கொண்டே
எங்கள் ஆட்களை எடுத்துத் தருகிறாள்.

எண்பதில் தலைக்கணக்கு எடுக்க வந்தவன்
கோவேறு கழுதையை வேலியில் கட்டிவிட்டு
காதில் விழுந்ததை எழுதிக்கொண்டான்: பிரானோஸ்.
தொண்ணூறின் ஏடுகள் எரிந்துபோயின.
தொள்ளாயிரத்தில் பிராண்டஸ்.
பத்தில் பிராண்ட்ஹார்ஸ்ட்.
அதே வீடு, அதே நூற்றறுபது ஏக்கர்.
யாரும் திருத்தச் சொல்லவில்லை;
அறுவடை நேரமாக இருந்திருக்கும்.

ஒரு சொத்துப் பட்டியலும் கிடைத்தது.
சினைப்பசு ஒன்று. மூக்குடைந்த கெட்டில்.
இறகு மெத்தை இரண்டு.
குருட்டுக் குதிரை, விலை போடவில்லை.
எழுதியவன் நேர்மையானவன்.

தடுக்கி விழுந்தது அல்வினாவிடம்.
என் அப்பாவின் அப்பாவைப் பெற்றவள்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறில் கல்யாணம்,
ஒன்பது பிள்ளைகள்,
தானியக் கிடங்கில் கணக்கு எழுதினாள் என்று கேள்வி.
லூத்தரன் கல்லறைத் தோட்டத்தில்
கையுறையால் பனியைத் துடைத்தால்
கல்லில் இருந்தது:
அல்வினா.
வயது ஒன்று, மாதம் ஏழு, நாள் நான்கு.

காரில் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.
ஓடப் பழகாத ஒருத்திக்கு
நான் எப்படிக் கொள்ளுப்பேத்தி?

விடை பாதிரியார் வீட்டு அலமாரியில்,
முள்கம்பி போன்ற ஜெர்மன் கையெழுத்தில்.
எண்பத்து மூன்று அக்டோபரில் அடக்கம்.
எண்பத்து நான்கு மார்ச்சில் ஞானஸ்நானம்.
இரண்டுக்கும் ஒரே பெயர்.
விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன்:
குழியருகே நின்றபோதே
தாயின் வயிற்றில் இவள்.

ஞானஸ்நான உடுப்பில்
பெயரை முன்பே தைத்துவிட்டார்களோ?
நூலை வீணாக்காத ஜனம் நாங்கள்.

"மறுநடவுதானே" என்றான் லாயிட்,
கண்ணைத் திறக்காமலே.
மே மாத உறைபனியில் கருகிய வரிசையில்
திரும்பவும் விதைத்தோமே, அதைச் சொல்கிறான்.
மக்காச்சோளத்துக்குச் சரி.

ஒமஹாவிலிருந்து தம்பி டுவெய்ன் போனில்:
"முதலாமவளை அழித்துவிடு,
மரம் குழம்புகிறது."
அழிக்கலாம்.
அவளிடமிருந்து யாரும் வரவில்லை.

ஆனால் அந்தத் தாய்
மாவு ஒட்டிய கையோடு பின்கதவில் நின்று
அல்வினா என்று குரல் கொடுத்த
முதல் சில மாதங்கள்,
தவழ்ந்து வந்தவள் ஒருத்தி,
சரி,
கூப்பிட்டது யாரை?

படிவத்தில் கட்டம் ஒன்றுதான்.
பென்சிலால் நடுவில் ஒரு கோடு இழுத்தேன்.
கோணலாகத்தான் வந்தது.