இரண்டாம் முறை

மார்செய்க் கப்பலின் சமையல்காரன்
சீட்டாட்டக் கடனுக்கு ஈடாய் விட்டுப்போன இசைத்தட்டு.
அறுபத்து மூன்றில், லெ போர் துறைமுகத்தில்,
ரேடியோ பழுதுபார்க்கும் என் மேசைக்கு வந்தது.
உறை இல்லை. பெயர் ஒட்டியிருந்த தாளை
ஈரம் தின்றிருந்தது.
மிசிசிப்பி என்றான், பருத்திக்காடு என்றான்.
அதற்குமேல் அவனுக்கும் தெரியாது.

ஊசியை வைத்தேன்.
ஒரு கிதார், ஒரு தொண்டை.
ஒரு வரி சொன்னான்.
அதையே மறுபடி சொன்னான்.
மூன்றாவதில்தான் வேறு பேச்சு.

தட்டில் கீறல் என்றேன்.
ஃபிர்மேன் சிரித்தான்,
கரும்பு எடைமேடையில் இருபது வருடம் நின்றவன்.
"முள் தப்பு, முசியே" என்போம்.
கணக்கன் நிமிரமாட்டான்.
"முள் தப்பு, முசியே" என்போம்.
பேனாவை மையில் தோய்ப்பான்.
மூன்றாவதை
வண்டிமாட்டிடம் சொல்லிக்கொண்டே வீடு திரும்புவோம்.
பருத்திக்கும் எடைமேடை உண்டு போலிருக்கிறது.

என் காதோ அந்தக் காந்தாரத்தில் மாட்டிக்கொண்டது.
மேலும் இல்லை, கீழும் இல்லை;
கம்பியை விரலால் தள்ளி
வழியில் எங்கோ நிறுத்திவைக்கிறான்.
என் பாட்டன் இலட்சுமணனாகக் கப்பலேறி
பதிவேட்டில் லாத்சுமனேனாக இறங்கியவர்.
யாராவது சரியாக அழைத்தால்
நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

சனி இரவு ஃபிர்மேன் கயாம்ப் கொண்டுவந்தான்.
கரும்புப் பூத்தண்டுகளை வரிசையாய்க் கட்டிய பெட்டி,
உள்ளே கல்வாழை விதைகள்.
குலுக்கினால் தோட்டத்துக்குள் யாரோ தப்பி ஓடும் சத்தம்.
அவன் மைத்துனன் ரம் பீப்பாய்க்கு மாட்டுத்தோல் இழுத்த
பறைமேல் கால் போட்டு உட்கார்ந்தான்.
தட்டைச் சுழலவிட்டோம்.

பொருந்தியது என்று சொல்ல ஆசைதான்.
பொருந்தவில்லை.
அவன் நாலில் நடந்தான், நாங்கள் ஆறில் புரண்டோம்.
அவன் மூச்சு வாங்கிய ஓரிடத்தில் மட்டும்
எல்லோரும் ஒன்றாக இருந்தோம்,
அங்கே பாட்டே இல்லை.

காவலர் இருவர் வந்தார்கள்.
மலோயா கூடாதாம்; அது காட்டுச் சத்தம்,
கட்சிக்காரர் சத்தம்.
பீப்பாயை ஜீப்பில் ஏற்றினார்கள்.
கயாம்பை முழங்காலில் வைத்து ஒடித்தார்கள்,
விதைகள் என் திருகாணிகளோடு கலந்தன.
இளையவன் தட்டைக் கையிலெடுத்தான்.
"அமெரிக்காவா?"
ஆமென்றேன்.
"நல்ல இசை. இன்னொரு முறை போடு."
போட்டேன்.
தொப்பியைக் கழற்றிக் கேட்டான்.

போன ஜீப்
சேன்-போல் பக்கம் வளைவில் திரும்புகையில்
பீப்பாய் உருண்டு தகரத்தில் மோதி ஒலித்தது.
அடுத்த வளைவில் மறுபடி.
ஃபிர்மேன் ஒரு விரலைத் தூக்கிப்பிடித்தபடி நின்றான்,
மூன்றாவதற்காக.