ஒன்பது விரலுக்குத் துணி

எங்கள் தீவில் களிமண் கிடையாது.
தோண்டினால் மணல், அதற்குக் கீழே சங்கு ஓடு,
அதற்கும் கீழே கடல்.
அதனால் ராமநாதபுரம் பெரிய கண்மாயிலிருந்து
யூரியா சாக்கில் கட்டி
பஸ்ஸில் கொண்டுவந்தாள் ரொமில்டா.
கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தானாம்.
சொல்லிச் சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை.

சின்னப்பாலம், ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்
வலைக்கூடம். ஆறு பெண்கள்.
கண்ணை மூடுங்க, மண்ணைத் தொடுங்க,
எதுவும் செய்ய வேண்டாம்,
சூடா குளிரா, அதை மட்டும் கவனிங்க என்றாள்.

எனக்கு எங்கே தெரியும் சூடும் குளிரும்.
பன்னிரண்டு வயசிலிருந்து பாசி எடுக்கிறேன்.
பாறை கடிக்காமலிருக்க
பத்து விரலுக்கும் பழஞ்சேலைக் கிழிசல் சுற்றி
முங்குவேன், பறிப்பேன், மூச்சுக்கு மேலே வருவேன்.
துணியை அவிழ்த்த பிறகும்
விரல் துணியாகவே இருக்கும்.

கஸ்பாரைக் கொண்டுவந்தபோது
பெட்டியில் ஆணி அடித்திருந்தது.
ஆறு நாள் தண்ணிக்குள்ள கிடந்த உடம்பு,
பார்க்க வேண்டாம் தாயி என்றார்கள்.
பலகையைத் தொட்டேன்.
பலகை பலகையாக இருந்தது.

அன்றைக்குப் பிறகு
கொதிக்கிற குழம்புச் சட்டியும் சுடவில்லை.
ஜெனோவாவுக்குத் தலை வாரினால்
முடி எது சீப்பு எது என்று தெரியாது.
'மெல்லம்மா' என்று அவள் கத்தினால்தான் உண்டு.

மண் முதலில் மண்ணாகத்தான் இருந்தது.
பக்கத்தில் பஞ்சவர்ணம் அழுதாள்,
மூக்கைச் சிந்தினாள்,
ஒரு ஆட்டுக்குட்டி செய்தாள்.
நாய் மாதிரி இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது.
சோற்றுக்கு ஆகாத சேறு.
கட்டைவிரலால் ஒரு குத்து.
குழி விழுந்தது.
பக்கத்தில் இன்னொன்று.
இரண்டுக்கும் நடுவே மண் தானாகத் திரண்டு
மூக்குத் தண்டாகி நின்றது.

கண்ணைத் திறக்கவில்லை.
நெற்றி. புருவ மேடு.
இடது காதின் கீழ்நுனியில்
தூண்டில் கிழித்த பிளவு;
அதை நான் யோசிக்கவில்லை, நகம்தான் கீறியது.
தாடையில் ஒரு நாள் மயிர் சொரசொரக்க
காலடியில் கிடந்த மணலைக் கிள்ளித் தூவினேன்.
கையை அங்கேயே வைத்திருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று ரொமில்டா சொல்லவில்லை.
நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை.
ஒரு வாளித் தண்ணீரை மட்டும்
என் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

மறுநாள் விடியுமுன் வத்தையில் உட்கார்ந்து
ஒன்பது விரலுக்குத் துணி சுற்றினேன்.
வலது ஆள்காட்டி விரலை விட்டுவிட்டேன்.
மறந்து இல்லை.

மூன்றாவது முங்கலில்
பாறை கடித்தது.
தண்ணிக்குள்ளேயே 'ஆ' என்றேன்,
சத்தம் குமிழ் குமிழாய் எனக்கு முன்னே
மேலே போயிற்று.

விரலை வாயில் வைத்தேன்.
கடலும் உப்பு, ரத்தமும் உப்பு.
எரிந்தது.
ஏழு மாசத்தில் முதல் தடவையாக எரிந்தது.

என்னடி ஆச்சு என்றாள் வத்தையிலிருந்து பஞ்சவர்ணம்.
வலிக்குது என்றேன். வலிக்குதுடி.

அதுக்கு ஏன் சிரிக்கிற என்றாள்.